ரோக்வெய்ர் இறக்கத்தில் நடந்தது

பெயர்: கிளோதில்ட் பாலாஸி, பிறந்த வீட்டுப் பெயர் கோம்பெல். வயது: நாற்பத்தொன்பது. தொழில்: ஆரம்பப் பள்ளியில் சமையல் வேலை. முகவரி: தேவாலயத் தெரு, சென்-ஃபெர்மியோல் கிராமம், அவேரோன் மாவட்டம்.

மேற்கண்ட முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்தின் தலைவர் ரெஜிஸ் கோம்பெல் என்பவர் என் கூடப் பிறந்த அண்ணன். உடன்பிறந்தவர் சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் நான் சத்தியம் செய்து சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், விருப்பமில்லாவிட்டால் எழுந்து போகலாம் என்றும் விசாரணை அதிகாரி அவர்கள் முதலிலேயே எடுத்துச் சொன்னார்கள். புரிந்துகொண்டேன். உட்கார்ந்தே இருக்கிறேன்.

சங்கத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் ஓட்டும்போது அவர்களுக்குப் பின்னால் வரும் வேனை நான் ஓட்டுவேன். மாற்றுச் சக்கரங்கள், தண்ணீர், ரொட்டி, முதலுதவிப் பெட்டி ஆகியவை அதில் இருக்கும். ஆண்டுதோறும் மே மாதத்தில் சங்கம் நடத்தும் பெரிய சைக்கிள் ஓட்டத்துக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அந்தப் பாதையை வகுத்தவர் என் அண்ணன். மடாலயத்தைச் சுற்றி, இடிந்த கோட்டைக்குக் கீழாகப் போய், மேட்டிலிருந்து ரோக்வெய்ர் கிராமத்துக் கல்பாலத்துக்கு இறங்கும் பழைய சாலையில் அது முடியும். அந்தச் சாலைக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. கார்கள் அதில் போவது அபூர்வம். சம்பவம் நடந்தது அங்கேதான்.

அந்தச் சாலை பிரியும் இடத்தில் ஃபிர்மன் அலஸார் என்பவருக்கு நிலமும் ஆட்டுப்பட்டியும் உண்டு. குடும்பம் கிடையாது. சங்கத்தாருக்கும் அவருக்கும் ஆகாது. அவர் ஆடுகளைச் சாலை கடத்தும்போது எங்கள் ஆட்கள் கத்துவார்கள், அவர் திருப்பிக் கத்துவார். சென்ற ஆண்டு ஒருவருடைய தண்ணீர்ப் புட்டியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார். அதுவும் உண்மை.

இந்த ஆண்டு ஏப்ரலில் மழை விடாமல் பெய்தது. மழை ஓய்ந்த சமயம் சங்கத்தார் ஊர்ச் சதுக்கத்துக் காபிக் கடையில் கூடியிருந்தபோது அலஸார் சேறு ஒட்டிய பூட்ஸுடன் உள்ளே வந்து, கதவைச் சாத்தாமல் நின்றபடியே, "இந்த வருஷம் என் பக்கம் வராதீங்க. வந்தா, எறங்குறவன் எல்லாரும் பாலத்துக்குப் போய்ச் சேர மாட்டான்" என்றார். லியோனெல் புசாக் என்ற உறுப்பினர், "ஏன் பெரியவரே, உங்க ஆடு கடிச்சிருமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு அலஸார் என் அண்ணனை மட்டும் பார்த்து, "ரெஜிஸ், நீ ஒரு தடவ வந்து பாரு" என்றார். அண்ணன், "உன் மூஞ்சியப் பாக்கவா அவ்ளோ தூரம் வரணும்?" என்றார். அலஸார் போய்விட்டார். அன்று அங்கே இருந்த மற்றவர்கள் அவர் முதலில் சொன்னதை மட்டும் இங்கே சொல்லியிருப்பதாக அறிகிறேன். இரண்டாவதும் சொல்லப்பட்டது.

ஓட்டத்துக்கு முந்தைய வாரம், பாதையைப் பார்த்துவர அண்ணன் என்னை வேனில் அழைத்துப் போனார். பழைய சாலை பிரியும் இடத்தில் வெட்டிய மரக்கிளைகள் குறுக்கே போடப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் முள்கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. கம்பத்தில் ஒரு செத்த காக்கை தலைகீழாகத் தொங்கியது. அதற்குக் கீழே ஒரு பலகையில் சிவப்புச் சாயத்தில் "போகாதே. விழும்" என்று எழுதியிருந்தது. மேட்டில் அலஸார் தன் நாயுடன் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் குரைக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை.

அண்ணன் கிளைகளைத் தாண்டிச் சாலையில் இறங்கி நடந்து போனார். நான் வேனிலேயே இருந்தேன். அவர் வளைவில் மறைந்து, திரும்பி வர வெகுநேரம் ஆனது. வந்தபோது அவருடைய காலணிகள் கணுக்கால்வரை சேறாக இருந்தன. அது தார்ச்சாலை, மழை நின்று பல நாள் ஆகியிருந்தது. "என்ன அண்ணே?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. ரெண்டு கல்லு உருண்டு கெடக்கு. கெழவன் சும்மா பூச்சாண்டி காட்டுறான்" என்றார். அதன் பிறகு குடிதண்ணீரை எடுத்துக் காலணிகளைக் கழுவிவிட்டு வண்டியில் ஏறினார். "லாரி ரோடு வழியா விட்டா என்ன?" என்று நான் கேட்டேன். "லாரிப் பொகையக் குடிக்கவா அவனவன் அங்கேருந்து வர்றான்? அந்த எறக்கம் இல்லேன்னா அடுத்த வருஷம் ஒருத்தன் வர மாட்டான். நீ ரொட்டியப் பாரு கிளோ, ரோட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார். அன்று வீடு வரும்வரை அவர் பாடவில்லை. வழக்கமாக அவர் வண்டியில் பாடிக்கொண்டே வருவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்கள் வந்து சேரும் முன்பே, பாதைக்கு மஞ்சள் அம்புக்குறி வைக்க நாங்கள் இருவரும் வேனில் போனோம். பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம். பழைய சாலை பிரியும் அந்தத் திருப்பத்தில் நிறுத்தச் சொல்லி, அண்ணன் தோட்டக் கையுறைகளை மாட்டிக்கொண்டு கிளைகளை இழுத்து ஓரத்தில் போட்டார். கம்பிவெட்டியால் முள்கம்பியை வெட்டினார். பலகையைப் பிடுங்கினார். அதைப் பள்ளத்தில் எறியாமல் வேனுக்குள் சக்கரப் பைகளுக்கு அடியில் வைத்தார். "அந்தாளு எதுக்கு வச்சானோ என்னவோ, அண்ணே" என்று நான் சொன்னேன். "நேரமாச்சு, ஓட்டு" என்றார். பட்டிப் பக்கமிருந்து நாய் விடாமல் குரைத்தது. அலஸார் தென்படவில்லை. அது பால் கறக்கும் நேரம். அண்ணனுக்கு அது தெரியும்.

அதன் பிறகு சதுக்கத்துக்குத் திரும்பினோம். எல்லோரும் காபி குடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு நின்றார்கள். ரொட்டிக் கடைக்காரர் கோஸாட்டின் மகள் மெலீன், வயது இருபத்துமூன்று, சங்கத்தில் எல்லோரையும்விட வேகமாக இறங்கக்கூடியவள். அவள் அண்ணனிடம், "தலைவரே, நீங்க மெதுவா வாங்க. நான் முன்னாடியே போய்ப் பாலத்துல நின்னு கைதட்டுறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரித்துவிட்டு, அவள் சைக்கிளைப் பிடித்து நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "மூணாவது வளைவுல பாறைய ஒட்டிப் போ" என்றார். "ஏன்?" என்று கேட்டாள். "சொன்னாக் கேளு" என்றார். நான் வேனில் ரொட்டிக் கூடையை ஏற்றிக்கொண்டிருந்தேன், பக்கத்தில்தான் இருந்தேன். வேறு யாரிடமும் அவர் அப்படிச் சொன்னதை நான் கேட்கவில்லை.

மடாலயம்வரையிலும் கோட்டைவரையிலும் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. அண்ணன் கோட்டை ஏற்றத்திலேயே பின்தங்கிக் கடைசி ஆட்களுடன் வந்தார். மற்ற ஆண்டுகளில் அவர் இறக்கத்தில் முன்வரிசையில் இருப்பார். நான் கடைசி ஆளுக்குப் பின்னால் பழைய சாலையில் இறங்கியபோது, இரண்டாவது வளைவைத் தாண்டியதும் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பலாக நிற்பதையும், அலஸார் சாலைக்குக் குறுக்கே வைக்கோல் அள்ளும் நீண்ட இரும்பு முள்ளை நீட்டிப் பிடித்து நிற்பதையும் கண்டேன். அவர் நெற்றியில் ரத்தம் வழிந்தது. லியோனெல் காற்றடிக்கும் பம்பால் அவரை அடித்திருந்தார். அலஸார் அப்போதும் முள்ளை விடாமல், "ஒருத்தனும் போகாதீங்கடா! குத்திப்புடுவேன், போகாதீங்கடா!" என்று கத்தினார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. இதைத்தான் மற்றவர்கள் கொலை மிரட்டல் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அந்த வார்த்தைகளைச் சொன்னார் என்பது உண்மையே. ஆனால் அவருக்குப் பின்னால் மூன்றாவது வளைவில் சாலை இல்லை. தார் பிய்ந்து தொங்கியது. பாறையை ஒட்டி ஒரு ஆள் நடக்கும் அளவு மட்டும் மிச்சமிருந்தது. கீழேயிருந்து மண் சரியும் சத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது.

மெலீனைக் காணவில்லை.

அதன் பிறகு அலஸார் வைக்கோல் முள்ளைக் கீழே போட்டார். பள்ளத்து முட்செடிகளுக்குள் எட்டிப் பார்த்து, "பொண்ணு தெரியுது" என்றார். வேனில் இருந்த கயிற்றை நான் எடுத்து வந்தேன். அதை ஒரு கருவாலி மரத்தில் கட்டி, தன்னைவிட வயது குறைந்த அத்தனை பேர் நிற்கும்போது அவர்தான் இறங்கினார். கயிற்றை லியோனெலும் நானும் பிடித்துக்கொண்டோம். லியோனெல் அழுதுகொண்டே பிடித்தார். கீழேயிருந்து அலஸார், "உசுரு இருக்கு, கம்பளி போடுங்க" என்று கத்தினார். அவர் தன் சட்டையைக் கழற்றி அவள் தலைக்கடியில் வைப்பதைப் பார்த்தேன். இந்தக் காவல் நிலையத்தில் வைத்திருக்கும் ரத்தக்கறைச் சட்டை அதுவே. மெலீன், "பின்னாடி வந்தவங்க நின்னாங்களா?" என்று கேட்டாள். அலஸார், "நின்னுட்டாங்க கண்ணு. எல்லாரும் நின்னுட்டாங்க" என்றார். மேலே யாரும் பேசாததால் இது தெளிவாகக் கேட்டது. என் அண்ணன் சாலை நடுவில் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றார். விளிம்புக்கு வரவே இல்லை.

மீட்பு ஹெலிகாப்டர் மெலீனைக் கொண்டுபோன பிறகு காவலர்கள் வந்தார்கள். அண்ணன் அவர்களிடம், அலஸார் பல நாளாக மிரட்டிவந்தார், சாலை விளிம்பை அவர்தான் தோண்டி விட்டிருப்பார், வைக்கோல் முள்ளால் ஆட்களைத் தாக்க வந்தார் என்று சொன்னார். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அலஸாரை வண்டியில் ஏற்றியபோது அவர், "ஆட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?" என்று மட்டும் கேட்டார். நேற்றும் இன்று காலையும் நான் போய்க் காட்டினேன். பால் கறக்க எனக்குத் தெரியாததால் அடுத்த பண்ணைப் பெண்ணை வரச் சொன்னேன்.

நேற்று, திங்கட்கிழமை பிற்பகல், மெலீன் மருத்துவமனையில் இறந்துபோனாள். நானும் அண்ணனும் வெளியே நடைவழியில் இருந்தோம். அவர் என் கையைப் பிடித்து, "கிளோ, அங்க கம்பியும் இல்ல, பலகையும் இல்ல. நீ எதையும் பாக்கல. சரியா?" என்றார். "பாத்தேன் அண்ணே" என்றேன். "கெழவனுக்கு யாரு இருக்கா? எனக்குக் குடும்பம் இருக்குடி. இந்தச் சங்கம் இருக்கு" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மெலீனின் அப்பா அறையிலிருந்து வெளியே வந்தார். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தவர், முந்தின நாள் மாவு இன்னும் கைமுட்டியில் காய்ந்திருந்தது. அவர் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, "உங்கள அவ அவ்ளோ நம்புனா, ரெஜிஸ். சொந்தப் புள்ள மாதிரிப் பாத்துக்கிட்டீங்க" என்றார். அண்ணன் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுத்தபடியே அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன். இன்று காலை சங்க வேனில் சக்கரப் பைகளுக்கு அடியிலிருந்த பலகையையும் கம்பிவெட்டியையும் எடுத்துவந்து இந்த நிலையத்தில் ஒப்படைத்தேன். என் கணவருக்கு நான் இங்கே வந்தது தெரியாது.

நான் பேசத் தொடங்கியபோது இந்த அறையின் ஜன்னல் வழியாக அண்ணனின் சாம்பல் நிறக் கார் வாசலுக்கு எதிரே வந்து நிற்பதைப் பார்த்தேன். இப்போதும் நிற்கிறது. அவர் இறங்கவில்லை. நிலையத்துக்கு வேறு வாசல் உண்டா என்று அதிகாரியிடம் கேட்டேன். இல்லை என்றார்கள். துணைக்கு ஒரு காவலரை அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

இதில் எழுதியிருப்பது முழுவதையும் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் விடவில்லை. யாரும் தூண்டியோ மிரட்டியோ சொல்லவில்லை. எல்லாம் நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதுமான உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கிளோதில்ட் பாலாஸி