மஞ்சள் கோடு

காபிக்குச் சர்க்கரை வேண்டாம், கேட்டதற்கு நன்றி. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். நடுவில் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டால் திரும்பி வந்து திருத்திக்கொள்வேன். அது என் பழக்கம்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் வெர்லின் ஹாஸ்கெட்டின் பட்டறையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். பழைய கார்களின் வெறும் கூடுகளை வாங்கி, புது எஞ்சின் ஏற்றி, கேட்டவருக்கென்றே கட்டிக் கொடுப்போம். வருடத்துக்கு இரண்டு. அதற்கு மேல் கட்டினால் அது வண்டி இல்லை, வெறும் தகரம் என்பார் வெர்லின்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நட்டைச் சரியான அளவுக்கு முறுக்கியதும், முறுக்கியவனே அதன்மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட வேண்டும். பாதி நட்டில், பாதி அது உட்கார்ந்திருக்கும் இரும்பில். கோடு போட்ட நட்டில் இன்னொருவர் ஸ்பானர் வைத்தால், போட்டவனைப் பொய்யன் என்று சொன்னதாக அர்த்தம். கோடு இல்லாத நட்டை வெர்லின் ஒன்றுகூட விடமாட்டார். வண்டிக்கு அடியில் படுத்துத் தானே முறுக்கிப் பார்ப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. அப்போதும் இடது கையால் முறுக்கிப் பார்த்தார். ஆனால் வெல்டிங், தகடு வேலை எல்லாம் என்னிடம் வந்தன. வண்டி கேட்டு வருபவர்களிடம் என் தோளைத் தட்டி, "இவன்தான் என் கை" என்பார். மாடி அறையை எனக்குக் கொடுத்தார். அவர் மனைவி லொரீன் எனக்கும் சேர்த்துச் சமைத்தார். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் பட்டறைக்குள்தான் திறக்கும்.

போக வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். தேதிகள் என் நோட்டில் இருக்கின்றன. ஓரிகானில் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது.

"டேய் டோபின், இந்த வண்டி முடியட்டும்டா," என்றார் முதல் முறை. இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னார். மூன்றாம் முறை சிரித்தார். "கை எங்கயாவது ஆளை விட்டுட்டு எழுந்து போகுமாடா?"

"அவன் எங்க போவான்? என் பீச் கேக்கை விட்டுட்டுப் போக மனசு வருமா?" என்று லொரீனும் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர்கள் ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் போயிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

அதனால், அவரே என்னை வெளியே அனுப்பும்படி ஒரு தவறு செய்யத் தீர்மானித்தேன். 1932 ஃபோர்டு கூப்பே கார் ஒன்றை அப்போது முடித்துக்கொண்டிருந்தோம். அதில் ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு பிணைக்கும் நட்டை விரலால் திருகி அப்படியே விட்டுவிட்டேன். அவர் கண்டுபிடிப்பார், அன்றே என் சீட்டைக் கிழிப்பார், நான் பஸ் ஏறுவேன். இவ்வளவுதான் திட்டம்.

செவ்வாய்க்கிழமை மதியம் வண்டி தயார். முதல் ஓட்டத்தில் வெர்லின் ஓட்ட, கட்டியவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது இன்னொரு வழக்கம்.

"ஏறுடா."

"சாயங்கால வகுப்புல பரீட்சை இருக்கு, வெர்லின். படிக்கணும்."

"படிச்சுப் படிச்சு கவர்னர் ஆகப்போறியா?" என்றவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "லொரீன், வா! இன்னிக்கு நீதான் ராணி!"

லொரீன் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே வந்தார். சீட் பெல்ட்டின் கொக்கி புது மாதிரி; அவருக்கு மாட்டத் தெரியவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன்.

"நல்லா எழுது, கண்ணு," என்றார்.

டாஃப்ட் சாலையில், எண்ணெய்க் கிணறுகளைத் தாண்டி, மூன்றாவது வளைவில் வண்டி வளையாமல் நேராகப் போய்விட்டது. மணி இரண்டு நாற்பது என்று உங்கள் போலீஸ்காரர் சொன்னார். அந்த நேரத்தில் நான் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை உண்மையாகவே இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வெர்லின் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதை நம்பித்தான் செய்தேன். யாரையும் கொல்ல நான் நினைக்கவில்லை.

அந்த நட்டை மேஜைமேல் வைத்து, இதில் எப்படிக் கோடு வந்தது என்று நான்கு முறை கேட்டுவிட்டீர்கள். நான்தான் போட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது. அதனால் முதலில் துணியால் துடைத்தேன். முதல் கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.