மூன்றாவது பாறை

எங்கள் மலையில் வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ், அதுதான் கறி போட்ட கோதுமைக் குருணைச் சோறு, நன்றாக இருக்கும் ஐயா. வானாய்வுக்கூடத்தில் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்தில் இருப்பதை மட்டும் சாப்பிடுவோம். நடுவிலிருக்கும் கறியைப் பிய்ப்பவன் ஹம்மு. ஏழு வருடமாக நல்ல துண்டை என் பக்கம்தான் தள்ளினான்.

நெப்டியூனுக்கு அப்பால் ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டைப் பாறைகளை அளப்பது எங்கள் வேலை. நானும் ஹம்முவும் மட்டுமே அதைச் செய்தோம். பிறகு காஸாபிளாங்காவிலிருந்து ருக்கியா வந்தாள். கெட்டிக்காரி, அதை நான் மறைக்கவில்லை. அவள் வந்த மூன்றாம் வெள்ளிக்கிழமை கறித்துண்டு அவள் பக்கம் போனது.

"என்ன லஹ்சென் அண்ணே, மூஞ்சி உம்முனு இருக்கு? கறி வேணும்னா வாய்விட்டுக் கேளுங்க" என்றாள்.

"அவருக்கு எதுக்கு? பல்லே ஆடுது" என்றான் ஹம்மு.

சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு ஜோடியை மூன்றாவது பாறை நெருங்கினால், பல சமயம் மூன்றில் ஒன்று தூக்கி எறியப்படும். பெரும்பாலும் எடை குறைந்ததுதான். அவள் வந்து நான்கு மாதம், நான் ஏழு வருடம். இதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை.

தொலைநோக்கிக்கு மேலிருக்கும் வட்டக் கூரையைச் சுழற்றும் மோட்டாருக்கு ஒரே சாவி. பல்சக்கரத்துக்கு கிரீஸ் போட ஏறுகிறவர் கீழே யாரும் மோட்டாரை ஓட்டிவிடாதபடி அதைத் தன் பையில் வைத்துக்கொண்டுதான் ஏறுவார். எதற்கும் இருக்கட்டும் என்று மராகேஷில் நான் இன்னொன்று வெட்டி வைத்திருந்தேன். யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

செவ்வாய் மதியம் ருக்கியா ஏறினாள். ஏறுமுன் சாவியை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"பாத்துக்கோங்க அண்ணே, என் உசுரு என் பையிலதான் இருக்கு."

தலையாட்டினேன். அவள் சக்கரங்களுக்கிடையே குனியும்வரை காத்திருந்து என் சாவியைத் திருப்பினேன். கூரை முழுச் சுற்று சுற்றியது. அவள் கத்தியபோதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

அவள் பையிலிருந்த சாவியை இந்த ஸ்டேஷனுக்கே கொண்டுவந்து உங்களிடம் கொடுத்து, "இன்னொண்ணு லஹ்சென்கிட்டதான் இருக்கும்" என்று சொன்னதே ஹம்முதான் என்கிறீர்கள். பார்த்தீர்களா, என்னை அவ்வளவு தெரிந்தவன் வேறு யார் இருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை என்னைப் பார்க்க வருவான். ஒரே தட்டாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கறியை அவனே பிய்க்கட்டும், என் பக்கம்தான் தள்ளுவான்.