தட்டில் நாலு ஓட்டை

— மூணு, மச்சான். அஞ்சுல மூணு தட்டுக்குள்ள. உங்கப்பாவோட கிழட்டு ரைஃபிளுக்கு இன்னும் உசிரு இருக்கு.

— நல்லா பாத்தியா மாப்ள? இங்கேருந்து எனக்குத் தட்டு வெள்ளைப் பொட்டாத்தான் தெரியுது.

— இருநூறு கெஜம் தள்ளி பேப்பர் தட்டு வேற எப்படித் தெரியும், அதுல கறி வச்சா தெரியுமா? மூணு உள்ள விழுந்தா மலைக்குப் போ, விழலைன்னா வீட்டுல கெட. உங்கப்பா போட்ட சட்டம். நீ தேறிட்ட, ஹார்லன்.

— ஸ்கோப் வச்ச சின்ன ரைஃபிளையும் சுட்டுப் பாத்துடறேன். அப்பாவோடதைத் தூக்கிட்டு அந்த ஏத்தம் ஏற என் தோளுல தெம்பு இல்ல.

— புதுத் தட்டு மாட்டிட்டுத்தான் வந்தேன். நீ சுடு. நான் வண்டிக்குப் போயி காப்பி ஊத்தறேன், வெரலெல்லாம் வெறைச்சுப் போச்சு.

— ஆர்வில். அஞ்சும் ஆச்சு. போய்ப் பாத்துட்டு வா.

— இப்பத்தான் வந்தேன், அதுக்குள்ளயா. இரு, போறேன்.

— மெதுவா வா, ஜல்லி சறுக்கும். என்ன ஆச்சு?

— நாலு.

— நாலா?

— நாலு, மச்சான். இந்தா தட்டு. சனிக்கிழமை வேட்டை சீசன் தொறக்குறப்போ இந்த ரைஃபிளையே எடுத்துக்க.

— சரி. வழக்கம் போலதானே? நான் மேல கணவாய்ல உக்காந்துக்கறேன். நீ கீழ காட்டுக்குள்ள பூந்து மானைக் கிளப்பி என் பக்கம் ஓட்டிட்டு வா.

— இந்த வருஷம் நானும் உன்கூடவே உக்காந்துக்கறேனே.

— ஏன்?

— முட்டி வலிக்குது.

— போன வாரம் கூரை மேல ஏறி நின்னு தகரம் அடிச்ச. இருபத்தெட்டு வருஷமா ஓட்டுறவன் நீதான்.

— டோரீனும் சொல்றா, ‘எங்கண்ணன் பக்கத்துலயே இருங்க’ன்னு. தூரத்துலேருந்தே ஆளுன்னு தெரியணும்னு எனக்கு ரெண்டு ஆரஞ்சு சட்டை வாங்கி வச்சிருக்கா, ஒண்ணு மேல ஒண்ணு போடணுமாம். புதுசா வாங்கின கோவேறு கழுதைக்குக் கூட ஆரஞ்சுல போர்வை தச்சுட்டா. போன வருஷம் செத்த நம்ம பழைய கழுதை பிஸ்கட்டுக்கு இந்த யோகம் இல்ல.

— என் தங்கச்சி யாருக்குப் பயப்படறா?

— சீசனுக்கு டவுன்லேருந்து வர்றானுங்களே, மாட்டுக்கும் மானுக்கும் வித்தியாசம் தெரியாத பசங்க, அவனுங்களுக்குத்தான்.

— அப்படியா. நான் சொல்றதக் கேளு மாப்ள. எனக்கு ஆகஸ்டுலேருந்து பயமா இருக்கு. சர்ச்சுல பாட்டுப் புத்தகத்தைப் பிரிச்சா ஓரம் தெரியுது, நடுவுல எழுத்து இல்ல. உன் மூஞ்சியும் அப்படித்தான், காதும் தொப்பியும் மட்டும்தான் தெரியுது. யார்கிட்டயும் சொல்லல.

— டாக்டர்கிட்ட போலாம். வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்.

— டாக்டர் வேணாம், தட்டு சொல்லிடும்னு நெனச்சேன். தட்டு பொய் சொல்லாதில்ல?

— அது எப்படிச் சொல்லும்.

— நீ காப்பி ஊத்தப் போனப்போ அஞ்சு தோட்டாவையும் இந்த மண்மேட்டுலதான் விட்டேன் ஆர்வில். தட்டுப் பக்கம் குழலையே திருப்பல.

— மச்சான்.

— சட்டைப் பையில இருக்கற பென்சிலை எடு. எத்தனை வருஷமா அதால தட்டுல ஓட்டை குத்துற?

— மூணு. உன் வீட்டுக்காரி மார்ஜி செத்த வருஷத்துலேருந்து. அந்த வருஷம் ஒண்ணுதான் விழுந்துச்சு. இல்லைன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அவளும் போயி, மலையும் போனா நீ அந்தச் சமையக்கட்டுல உக்காந்தே செத்திருப்ப. கண்ணுன்னு சத்தியமா தெரியாது. கை நடுங்குது, அவ்வளவுதான்னு நெனச்சேன்.

— அப்போ போன வருஷம்?

— போன வருஷத்துக்கு என்ன?

— கணவாய்லேருந்து ஒரு தடவை சுட்டேன். புதருக்கு நடுவுல சாம்பலா, பெரிய காதோட. கட்டையில பட்டுச்சுன்னு வந்து சொன்ன.

— ஆமா, சொன்னேன்.

— என் வெடிக்கு அப்புறம் இன்னொரு வெடி கேட்டுச்சு. பிஸ்கட் பாறையில சறுக்கிக் கால் ஒடிஞ்சு கெடந்துச்சு, நானே முடிச்சு வச்சேன்னு சொன்ன. கெழவன் நான் கழுதைக்காக ஒக்காந்து அழுதேன்.

— வெயில் எறங்குது மச்சான். டோரீன் சூப்பு வச்சுட்டுக் காத்திருப்பா. வா, போலாம்.

— ரைஃபிளை வாங்கிக்க. ரெண்டையும் வாங்கிக்க. இனிமே நான் தொடல. ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வண்டியை எடு. பிஸ்கட்டுக்குக் கால் ஒடிஞ்சுதா?

— இல்ல.

— எங்க பட்டுச்சு?

— கழுத்துல. கயிறு என் கையில இருந்துச்சு, மச்சான்.