கரண்ட் போகாத மாசம்

கரண்ட் போகல்ல தம்பி. அதுதான் வந்த பிழை.

ஓம், கரண்ட் கந்தோருக்குப் போன் எடுத்த வல்லிபுரம் நான்தான். வயர்ல பொறி பறக்குது எண்டு சொன்னதும் நான்தான். ஏணிய இறக்காத. நில்லு. முதல்ல பைக்க நிப்பாட்டு, ஊரைக் கூட்டுது. மகள் உள்ளுக்குப் படுத்திருக்காள். ஏழு மாசம். இப்பதான் ஃபேனுக்குக் கீழ கண்ணயர்ந்தவள். நீ பியூஸக் கழட்டினா ஃபேன் நிக்கும். அவள் எழும்புவாள். மறுகா இந்த வளவுல எனக்குச் சோறில்ல.

கழட்டத்தான் வேணும், நான் இல்லயெண்டு சொல்லல்ல. கழட்டுறத்துக்குத்தான் உன்னக் கூப்பிட்ட. நான் சொல்லக்குள்ள கழட்டு.

எங்க பொறியா? ஒரு பொறியும் இல்ல. நல்ல வயர். பொய்தான் சொன்னன்.

அதென்ன அப்படிப் பாக்கிறாய்? முறைப்பாடு வந்தாக் கழட்டிப் பாத்து, படம் எடுத்து அனுப்பாமப் போக ஏலாதா? சரி. அது உங்கட சட்டம். அந்த மாமரத்துக்குக் கீழ இரு. சொல்லுறன். நான் கனக்கக் கதைக்கிற ஆளில்ல. ரெண்டு சொல்லுக்கு மேல வாயத் திறந்தா மனிசி நெத்தியில கை வச்சுப் பாப்பா, காய்ச்சலோ எண்டு.

அந்தா நிக்கிறது முன்வீடு. மகள்ட. கலியாணத்தோட எழுதிக் குடுத்தாச்சு. பின்னுக்குக் கிடக்கிற பெட்டி வீட்டுல நானும் மனிசியும். நீ எந்த ஊர்? காத்தான்குடியா? அப்ப உனக்கு விளங்கும். உங்களுக்கும் வீடு பொம்புளப்புள்ளைக்குத்தானே. ஆம்புளயள் எல்லாம் வந்து ஏறின ஆக்கள். இந்த வளவுக்கு நான் ஒருக்கா மாப்பிள்ளையா வந்தன். இப்ப மருமகன் வந்திருக்கார். ரதீஸ். கணக்கு வாத்தியார், இப்ப பள்ளிக்கூடத்துல. நல்ல மனிசன். அதுதான் கரைச்சல். கெட்டவனெண்டா ஏசிப்போட்டுப் படுக்கலாம்.

மருமகனோட நான் நேர கதைக்கிறல்ல. அவரும் என்னோட கதைக்கிறல்ல. பகையில்ல, மரியாதை. சண்டை பிடிக்கிறதெண்டாலும் மகளுக்கூடாகத்தான் பிடிக்கிற. மாமா இப்படிச் சொன்னாராம், மருமகன் அப்படிக் கேட்டாராம். நடுவுல அவள் நிண்டு அஞ்சல் செய்வாள்.

என்ன சண்டையா? மெசின்தான்.

முன்வீட்டு ஹோல்ல நிக்குது. அலுமாரி உசரம். கேம் மெசின். களுவாஞ்சிக்குடிச் சந்தியில நான் கூல்பார் வச்சிருந்த காலம். சர்பத்துக்கு ஒரு காக்காயும் வரல்ல. கொழும்புல இருந்து அந்த மெசினக் கொண்டாந்து வச்சன். பள்ளிக்கூடம் காலியாச்சு, கூல்பார் நிரம்பிச்சு. அதிபர் வந்தார் பொடியனுகளக் கூட்டிக்கொண்டு போக. அவரும் ரெண்டு கை விளையாடித்தான் போனார்.

விளையாட்டு லேசு. ஒரு வெள்ளி விமானம், இடப்பக்கம் நிக்கும். நீ எங்கயும் போகத் தேவல்ல, உலகம் வலப்பக்கத்தால உன்னட்ட வந்துகொண்டே இருக்கும். மேல கீழ தப்பி வாறத எல்லாம் சுடு. முதல்ல மேகம். மறுகா குகை. குகை முடிய ஒரு இரும்பு நண்டு, திரை முழுக்க. வாயத் திறக்கக்குள்ள உள்ளுக்கு அடிக்கணும். ஆத்துல நண்டு புடிச்சு வளந்த கை இது. அந்த நண்டுட்ட மட்டும் இந்தக் கை தோக்கும்.

என்னது? அந்தச் சத்தமா? டொம் டொம் எண்டா? மனிசி மா இடிக்கிறா. நீ இரு.

கூல்பார மூடினன், மெசின் வீட்டுக்கு வந்திச்சு. பட்டிருப்புப் பாலத்தால லொறியில. மகள்ட கலியாணத்தோட நாங்க பின்வீட்டுக்குப் போகக்குள்ள தூக்கிப் பாத்தம். வாசலுக்குள்ளால போகல்ல. நிலைய உடைப்பம் எண்டன். உடைங்க, ஆனா மெசின் உள்ளுக்கு வாற வாசலால நீங்க வெளிய போகணும் எண்டா மனிசி. மெசின் முன்வீட்டுலயே நிண்டிற்று.

மருமகன் சாரத்தோட ஹோல்ல இருந்து பேப்பர் பாக்கக்குள்ள, மாமன் போய் முன்னுக்கு நிண்டு விமானம் ஓட்டுறதா? ஏலா. அப்பதான் ஆக்கள் சொன்னாங்க, அதே விளையாட்டு வீட்டு டிவிக்கும் வருது எண்டு.

வந்திச்சு. ஒண்டில்ல, மூண்டு. மச்சான் யோகராசா கட்டார்ல இருந்து முந்தி கொண்டுவந்த கசட் ஒண்டு கிடந்திச்சு. போட்டா, தேத்தண்ணி குடிச்சு முடிய மட்டும் கீச்சு கீச்செண்டு கத்தும். மறுகா படம் வரும். மேகம் மஞ்சள், விமானம் மஞ்சள், சூடும் மஞ்சள். எது என்னைக் கொண்டுது எண்டே தெரியாமச் செத்தன். அடுத்தது செங்கல் மாதிரி ஒரு கட்டை. ஊதி ஊதிச் செருகணும். அதுல குகையே இல்ல. மேகம் முடிய நண்டு, கலியாணம் முடியாம புள்ள பிறந்த மாதிரி. மூண்டாவது உங்கட ஊர் றமீஸ் கடையில வாங்கின கறுப்புப் பெட்டி. அச்சு அசல் எண்டு சத்தியம் பண்ணித் தந்தான்.

உன்ட சாச்சாவா? றமீஸா? அப்ப நீ இன்னும் கொஞ்சம் நில்லு தம்பி. இது உங்கட குடும்பம் செஞ்ச வேலைதான்.

ஒரே விளையாட்டு. ஆனா வீட்டுக்கு வந்ததும் ஆளே மாறிப்போகுது. வெளியில நிக்கக்குள்ள நெஞ்சு அதிரச் சத்தம், வீட்டுக்குள்ள நுளம்புச் சத்தம். வேகம் குறைவு. அந்த இரும்பு நண்டு ஆணத்துல அவிஞ்ச நண்டு மாதிரிச் சிறுத்துப்போய்க் கிடக்குது. பெஞ்சாதி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதான். சிரிக்காத, நீயும் கலியாணம் முடிச்சுத்தானே இருக்காய்? அப்ப சிரி.

அந்தப் பெட்டியில ஒரு வசதி. கீழ் மூலையில போய் ஒதுங்கினா நண்டு உன்னக் காணாது. இருந்துகொண்டே சுடலாம். ஒரு வருசமா மூலையில இருந்து சுட்டன். பெரிய வீரன் எண்டு நினைச்சன்.

சித்திரை வருசப் பிறப்பு. சொந்தம் எல்லாம் முன்வீட்டுல. மருமகன் மகளிட்டச் சொல்லுறார், மாமாவ ஒரு கை விளையாடச் சொல்லும் எண்டு. போனன். மேகம் தாண்டினன், குகை தாண்டினன். நண்டு வந்திச்சு. கை பழக்கத்துல கீழ் மூலைக்குப் போச்சு. அசல் மெசின்ல அந்த மூலைதான் நண்டு கால் வைக்கிற இடம். சப்பட்டையானன். சின்னஞ்சிறுசெல்லாம் கை தட்டுது. மருமகன் சிரிக்கல்ல. சிரிச்சிருந்தாப் பறவால்ல. மகளிட்ட மெதுவாச் சொன்னார், மாமாவுக்குக் கண் தெரியல்லப்போல, லைட்டப் போடும் எண்டு.

மறுகா அவர் நிண்டு விளையாடினார். நண்ட உடைச்சார். ஆகக் கூடின நம்பர் எடுத்தவர் எண்டு மெசின்ல மேல பேரப் போட்டார்.

அதோட நிக்கல்ல. இந்தப் பழைய சாமான் என்னத்துக்கு, உள்ளுக்குக் கிடக்கிறத எல்லாம் புடுங்கிப்போட்டு ஆயிரம் கேம் உள்ள பெட்டி ஒண்டு வைப்பம் எண்டாராம். ஆயிரம்! ஒண்டையே நாப்பது வருசமா ஒழுங்கா முடிக்க ஏலாமக் கிடக்கு. தொட்டா நடக்கிறது வேற எண்டு சொல்லியனுப்பினன். மெசின் வீட்டோட சேந்தது எண்டு திருப்பியனுப்பினார். வீட்டத்தான் எழுதின, மெசின எழுதல்ல எண்டன். அஞ்சல்காரிக்கு ஆத்திரம் வந்திற்று.

ரெண்டு பேரும் கேளுங்க எண்டாள். வீடு என்ட, மெசினும் என்ட. வாற பௌர்ணமிப் போயா விடிய, ஆர்ட பேர் மெசின்ல மேல நிக்குதோ அவர் சொல்லுறதுதான் முடிவு. ஆர்ட பேரெண்டாலும். கையால நிப்பாட்டுறது கள்ளம். கரண்ட் போய் அழிஞ்சா அது கடவுள் செயல், மெசின் இப்படியே இருக்கட்டும் எண்டாள்.

ஓம், கரண்ட் போனா அழியும். அந்த மெசினுக்கு ஞாபகம் கரண்ட் இருக்கு மட்டும்தான். அதாலதான் நாங்க நிப்பாட்டுறல்ல. எண்டாலும் ஒரு ராசாவும் இந்த ஊர்ல ரெண்டு கிழமைக்கு மேல ஆண்டதில்ல. அதுக்கிடையில கரண்ட் போகும். நானும் அதத்தான் நம்பி இருந்தன்.

போகல்ல தம்பி! பிறந்த நாள் தொட்டு கரண்டுக்கு ஏசின வாய் இது. இந்த மாசம் பாத்துப் போகல்ல. இடி முழங்கி மழை பெஞ்சுது. ஆத்துக்கு அங்கால முழுக்க இருட்டு, எங்கட வீடு கலியாண வீடு மாதிரிப் பளிச்செண்டு. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சன். என்ன நேத்தி எண்டு ஐயர் கேட்டார். சொல்ல ஏலுமா? உங்கட கந்தோருக்கும் போனன். ஏன் எங்கட பக்கம் கரண்ட் வெட்டுறல்ல எண்டு கேட்டன். அங்க இருந்த தங்கச்சி எனக்குத் தண்ணி தந்து கதிரையில இருத்திற்றா.

விளையாடியும் பாத்தன். மருமகன் பள்ளிக்கூடம் போனதும் போய் நிப்பன். கை மூலைக்குத்தான் போகுது. மகள் பக்கத்துல நிண்டு உடுப்பு மடிப்பாள். மூலைக்குப் போகாதீங்க அப்பா எண்டாள் ஒருக்கா. உனக்கென்ன தெரியும் எண்டன். அவள் அந்த மெசினத் தொடுறதே தூசு துடைக்கத்தான்.

நாளைக்குப் போயா. இப்ப விளங்குதா, ஏன் போன் எடுத்த எண்டு?

ஆ, தேத்தண்ணி. எடு தம்பி. இதுதான் மனிசி, இலட்சுமிப்பிள்ளை. என்ன? ஓம், மா இடிச்சவதான். இடிச்சு முடிச்சுப்போட்டு வந்திருக்கா. இன்னும் சத்தம் கேக்குதா? அது பக்கத்து வீடு. சீனி காணுமா?

எழும்பாத. குடிச்சுப்போட்டு எழும்பு. இன்னும் மூண்டு வீடு இருக்குதா? இருக்கட்டும், அங்க உண்மையான பொறி பறக்கும், ஆக்கள் தள்ளி நிண்டு பாத்துக்கொண்டிருப்பாங்க. ஏணிய விடு! விடு எண்டன். அந்தப் போஸ்ட்ல செங்குளவி கூடு இருக்கு. இல்லயா? போன வருசம் இருந்திச்சு. நாய் கடிக்கும். எந்த நாயா? வரும், பொறு. ஒரு நிமிசம். வாயப் பொத்து.

கேக்குதா?

அந்தப் பாட்டு. டிங் டிங் எண்டு மேல ஏறி ஏறிப் போகுதே, அது. பக்கத்து வீடில்ல, முன்வீடுதான். அந்தப் பாட்டு எல்லாருக்கும் வராது. ஆக மேல உள்ள பேர விழுத்தினவங்களுக்கு மட்டும்தான் வரும். எனக்குக் கடைசியா வந்தது எப்ப எண்டு ஞாபகமில்ல.

சரி. முடிஞ்சிது. இனி மூச்சு விடு.

மருமகனா? அவர் பள்ளிக்கூடத்துலதான். பைக்கக் காணல்லத்தானே. நானா? நான் உனக்கு முன்னால நிண்டு தொண்டை தண்ணி வத்தக் கத்திக்கொண்டிருக்கன்.

நீ வாசல் கடப்படிக்கு வரக்குள்ள நான் முன்வீட்டு ஜன்னலால எட்டிப் பாத்தன். ரதீஸ்ட பேர் சாகிறதக் கண்ணால பாப்பம் எண்டுதான் போனன். அங்க ஒருத்தி நிக்கிறாள். வயிறு முட்டாம ஒருக்களிச்சு நிக்கிறாள். ஒரு கை இடுப்புல, ஒரு கை மெசின்ல. முன்னுக்கு நண்டு. மூலைக்குப் போகல்ல, நடுவுல நிண்டு வாய்க்குள்ள அடிக்கிறாள். மருமகன்ட நம்பருக்கு இன்னும் கொஞ்சம்தான். திரும்பிப் பாத்தா, ஏணியோட நீ. நான் கூப்பிட்டு வந்த எமன்.

என்ன செய்யச் சொல்லுறாய்? கதைச்சன். இந்த வருசத்துக்குரிய கதை முழுக்க உனக்குத்தான்.

மகள் வேலைக்கு லீவு எடுத்த நாள் தொட்டு தூசு துடைக்கிறாள் எண்டு நினைச்சம். துடைச்சிருக்காள். என்னையும் துடைச்சிருக்காள், அவரையும் துடைச்சிருக்காள்.

இந்தா, கூப்பிடுறாள். என்னவாம்? அப்பா, கரண்டுக்காரர் போயிற்றாரா எண்டு கேக்கிறாள். பாத்தியா, போன் எடுத்ததும் தெரிஞ்சிருக்கு. இல்ல மகள், நிக்கிறார்! ஆ? மெசின ஒருத்தரும் திறக்கிறல்லயாம். உடைக்கிறல்லயாம். நானும் மருமகனும் ஒரே நேரத்துல ஹோல்ல நிண்டு, நேர கதைச்சு, முறைக்கு விளையாடட்டாம். மறுகா அவள் அஞ்சல் செய்யமாட்டாளாம்.

நேர கதைக்கிறதா. அதுக்கு நண்டு பறவால்ல.

பியூஸா? உனக்கென்ன பைத்தியமா? நாளைக்கு ஒரு நாள் அந்தப் போஸ்ட்ல ஒரு காக்காயும் இருக்கப்படாது. வயரப் படம் எடு, போ. பொறி எங்க எண்டு கேட்டா, கிழவன்ட கண்ணுலதான் பறந்தது எண்டு சொல்லு. பிழை திருத்தின ஆள்ட பேர் போடாம அனுப்ப ஏலாதா? அப்ப போடு. உன்ட பேரப் போடாத, நீ தேத்தண்ணிதான் குடிச்ச. என்ட பேரும் வேணாம். மகள்ட பேரப் போடு.

யசோதினி.