எல்லோருக்கும் துணை

நிறுத்தினது நான்தான் சார். முதலாளிய ஏன் தேடறீங்க, அவர் பேப்பர் வாங்கப் போயிருக்கார். மெஷினுக்கு ஒண்ணுமில்ல. உங்க நோட்டீஸ் அஞ்சாயிரமும் மத்தியானமே முடிஞ்சிருக்கும், நான் கை வைக்கலன்னா. சபை உறுப்பினரே நேர்ல வந்து நிப்பீங்கன்னு நினைக்கல. ஐயோ, அந்த ஸ்டூல் வேணாம், மை காயல, வெள்ளைச் சட்டை வேற. இந்த நாற்காலி. கொஞ்சம் ஆடும், பரவால்ல, உங்களுக்குப் பழக்கம்தானே.

ஆமா, நான்தான் இங்க பிழை பாக்கறவ. பதினெட்டு. படிப்ப பாதியில விட்டுட்டேன், கணக்கு வரல. எழுத்துப்பிழை மட்டும் சோத்துல கல்லு மாதிரி உடனே கடிபடும். அப்படித்தான் உங்க கடைசி வரி கடிபட்டுச்சு. எல்லோருக்கும் துணை நின்றவர், இனியும் நிற்பவர்.

இல்ல சார், எழுத்தெல்லாம் சரி. துணைக்கு மூணு சுழிதான், போட்டிருக்காங்க. எழுத்துல பிழைன்னா திருத்திடுவேன். பொய்ய எந்தப் பக்கம் சுழிச்சு திருத்தறது?

கத்தாதீங்க. என்னாலயே உக்கார முடியல, பாக்கறீங்கல்ல. சொல்லி முடிச்சிட்டு மெஷின ஓட்டிடறேன், சத்தியமா.

சபைக்கு ஒரு மசோதா வந்துச்சே. கல்யாணச் சட்டத்துல கணவன், மனைவின்னு இருக்கற இடத்துலெல்லாம் துணைன்னு மாத்தறது. ஒரே வார்த்தை. அது மாறினா ஆணும் ஆணும் கட்டிக்கலாம், பொண்ணும் பொண்ணும் கட்டிக்கலாம். உங்க நோட்டீஸ்ல இருக்கே, அதே துணை. அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னு சபைக் குறிப்பெல்லாம் தேடிப் படிச்சேன். முதல் தடவ எழுந்து நின்னு, இது இயற்கைக்கே ஆகாது, நாளைக்கு நாயும் பூனையும் மனு கொடுக்கும்னு பேசினீங்க. அங்கயே அடைப்புக்குள்ள சிரிப்புன்னு போட்டிருக்கு. அப்புறம் தேர்தல் வந்துச்சு. உடனே இந்தச் சட்டம் வேணும்னு ஊர்வலம் போனவங்க தோள்ல கை போட்டு போட்டோ, கையில அவங்க கொடி. போன வருஷம் திரும்ப ஓட்டெடுப்பு. உங்க பேருக்கு நேரா என்ன இருக்கு தெரியுமா? வரவில்லை. மசோதா தோத்தது ஒரே ஓட்டுல.

மதில்மேல் பூனைகூட பசிச்சா ஒரு பக்கம் குதிச்சிடும் சார்.

காய்ச்சலா? இல்லையே. அன்னைக்கு நீங்க வீட்டுப் பின்பக்கம் உக்காந்து பழைய சைக்கிளக் கழட்டி சங்கிலிக்கு எண்ணெய் போட்டுட்டு இருந்தீங்க. சாயங்காலம் வரைக்கும். கழட்டினத திரும்ப மாட்டவே இல்ல.

எனக்கு எப்படித் தெரியுமா? இருங்க, அங்கதான் வரேன். எதிர்க்கட்சியா? என் மூஞ்சியப் பாருங்க, எந்தக் கட்சி சேத்துக்கும்?

சரி, கட்சி ஒரு பக்கம் இழுக்குது, தொகுதி ஒரு பக்கம் இழுக்குது, உனக்கென்ன தெரியும்ங்கறீங்க. தெரியாது. அந்த ஒரு ஓட்டு எங்க வீட்டுக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு தெரியும். எங்க அக்கா பஸ் ஓட்டறா. அவகூட இருக்கறவங்க பல் டாக்டர். ஆறு வருஷமா ஒரே வீடு, ஒரே அடுப்பு. வீட்டுக்காரம்மா கேட்டா சிநேகிதி, ஆபீஸ்ல கேட்டா சித்தி பொண்ணு. போன மாசம் அக்காவுக்கு குடல்வால் ஆபரேஷன். கையெழுத்து போட வந்தவங்கள, நீங்க யாருன்னு கேட்டிருக்காங்க. அன்னைக்குன்னு பாத்து துணைன்னு உண்மைய சொல்லிட்டாங்க. அம்மா, அப்பா, கூடப்பொறந்தது, புருஷன், இவ்வளவுதான் ஃபாரத்துல இருக்கு, துணைக்கு கட்டமே இல்லைன்னாங்களாம் அந்த நர்ஸ். அக்கா அங்க வயித்தப் பிடிச்சுட்டு கத்தறா. நான் போட்டது போட்டபடி மை கையோட இங்கேர்ந்து ஓடினேன். பாதிப் படிப்பு படிச்ச என் கையெழுத்து செல்லும், டாக்டர் கையெழுத்து செல்லாது. நல்லா இருக்குல்ல உங்க சட்டம்?

ஏன் சார் எழுந்துட்டீங்க? பல் டாக்டர்னதும் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. தண்ணி வேணுமா?

ஓட்டறேன், ஓட்டறேன். உங்க நோட்டீஸ அப்படியே ஓட்டறேன், ஒரு எழுத்து மாத்த மாட்டேன். வர்ற செவ்வாய்க்கிழமை திரும்ப ஓட்டெடுப்பு இருக்குல்ல, பொய்யா மெய்யான்னு அன்னைக்குத் தெரிஞ்சிடப்போகுது. அதுக்கு முன்னாடி இன்னொரு ப்ரூஃப் இருக்கு, அதையும் பாத்துக் குடுத்துடுங்க. கல்யாணப் பத்திரிகைதான். எங்ககிட்ட இருக்கற அச்சுல இடது பக்கம் மணமகன், வலது பக்கம் மணமகள். ரெண்டையும் தூக்கிட்டு நடுவுல மணமக்கள்னு போட்டுட்டேன். வார்த்தை எப்பவோ ரெடி சார், சபைதான் லேட்டு.

உங்க பொண்ணுதான் எழுதிக் குடுத்தாங்க. அப்பா நோட்டீஸ் விஷயமா வந்தாலும் வருவாரு, வந்தா காட்டுன்னு சொன்னாங்க. ஓட்டெடுப்பு அன்னைக்குக் காலைல வீட்டுக்கு வந்து அக்கா விஷயத்த சொன்னதும் நீங்க சைக்கிள்கிட்ட போனவர்தானாமே. சமையக்கட்டு ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்தாங்களாம். எதிர்த்து கை தூக்கப் போகலையே, அதுவே பெருசுங்கறாங்க இன்னமும். எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது.

தேதி மட்டும் காலியா விட்டிருக்கேன். அத செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம்தான் போட முடியும். மத்தத நிதானமா பாருங்க. இந்தப் பக்கம் எங்க அக்கா. அந்தப் பக்கம் உங்க பொண்ணு, அதுக்குக் கீழ உங்க பேர்.

இனிஷியல் சரியா இருக்கா, மாமா?