வேஷக் கப்பலில் வைகாசி அமாவாசை

பெயர் முகம்மது ஜாபர். தகப்பனார் அப்துல் வகாப் மரைக்காயர். வயது 60. சொந்த ஊர் நாகூர். தற்போது ஸ்காபரோவில் வோபர்ன் பகுதியில் மகள் வீட்டில் இருக்கிறேன். முன்பு கப்பல் மாலுமி. இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் காவல். 1976 பிப்ரவரி மாதத்தில் டொராண்டோ வழக்கறிஞர் அலுவலகத்தில், சத்தியம் செய்துகொண்டு, தமிழில் நான் சொல்லச் சொல்ல இது எழுதப்படுகிறது.

மனுதாரர் நரசிம்மன் எனக்கு உறவில்லை. போன மாதம் மார்க்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது தமிழில் பேசிப் பழக்கமானவர். அதன்பின் அவர் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனேன். சுவரில் அவருடைய தகப்பனார் மோகனசுந்தரத்தின் படத்தைப் பார்த்ததும் காப்பியைக் கீழே வைத்தேன். அவரோடு ஜெர்மன் கப்பலில் கைதியாக இருந்தவன் நான் என்று அங்கேயே சொன்னேன்.

மனுதாரரின் தாயார் வேதவல்லி அம்மாளுக்கு வயது 57. மகனைப் பார்க்க வந்தவர். தங்குவதற்கான அனுமதி முடியப்போகிறது. அறுபது வயதாகாத தாயை மகன் இங்கேயே வைத்துக்கொள்ள அவர் விதவையாக இருக்க வேண்டுமாம். ஆகவே தகப்பனார் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கோரி மகன் மனுப் போட்டிருக்கிறார். கணவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று தாயார் அதை எதிர்க்கிறார். மகன் ஜெயித்தால் அவர் இங்கே விதவையாக இருக்கலாம். அவரே ஜெயித்தால் தாலியோடு நாகப்பட்டினம் திரும்ப வேண்டும். அங்கே அவருக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை. எது நல்லது என்று என்னைக் கேட்டால் இரண்டுமே நல்லதில்லை.

1942 மாசியில் எங்கள் சரக்குக் கப்பல் கொழும்பை விட்டுப் புறப்பட்டது. நான் பெயிண்ட் அடிக்கிற லஸ்கர், அதாவது சாதாரண மாலுமி. மோகனசுந்தரம் அண்ணன் கப்பல் தச்சர். நடுக்கடலில் ஒரு கப்பல் நல்ல பிள்ளை மாதிரி, போரில் சேராத நாட்டுக் கொடியோடு பக்கத்தில் வந்தது. வந்ததும் அந்தக் கொடி இறங்கி ஜெர்மன் கொடி ஏறியது. பக்கவாட்டுப் பலகைகள் விழுந்து பீரங்கிகள் தெரிந்தன. அதன்பின் எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு எங்கள் கப்பலைக் குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். அந்த ஜெர்மன் கப்பல் எங்களுக்கு முன்பே ஐந்தாறு கப்பல்களை விழுங்கியிருந்தது.

ஜெர்மன் கப்பலின் பெயரை வக்கீல் ஐயா கேட்கிறார். எந்தப் பெயரைச் சொல்ல? நான் இருந்த காலத்திலேயே மூன்று பெயர் எழுதி மூன்றையும் அழித்தார்கள். அழிக்கிற வேலை எனக்கு. ஒரு வாரம் கறுப்பு, அடுத்த வாரம் சாம்பல். பலகையும் கித்தானும் வைத்துப் பொய்யாக ஒரு புகைபோக்கி செய்து நிறுத்தினார் அண்ணன். செய்யமாட்டேன் என்றால் சோறு கிடையாது. அந்த வேஷத்தோடு இன்னும் இரண்டு கப்பலைப் பிடித்தது. அதன் சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பின் எண்ணெய் கொண்டுவந்த ஒரு துணைக் கப்பலில் பாதிக் கைதிகளை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அண்ணன் அதில் ஏறிப் பிழைத்திருப்பார் என்றுதான் அண்ணி, அதாவது வேதவல்லி அம்மாள், நம்பிக்கொண்டிருக்கிறார். தச்சு வேலைக்கு வேண்டும் என்று அண்ணனை நிறுத்திக்கொண்டார்கள். அவர் அதில் ஏறவில்லை.

மீதியிருந்த நாங்கள் கீழ்த்தளத்தில் அடைபட்டிருந்தோம். வேலையில்லாத நேரம் மேலே விடமாட்டார்கள், வெளிச்சமும் கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் முஸ்லிம்களைத் தொழுகைக்காக மேல்தளத்துக்கு விடுவார்கள். அந்த நேரம் மற்றவர்களை உள்ளே வைத்து இரும்பு மூடியைப் பூட்டிவிடுவார்கள். அண்ணன் என் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் வந்து நிற்பார். நாங்கள் குனிந்தால் குனிவார். காற்றுக்கும் வெயிலுக்கும்தான். எங்களில் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அல்லாஹ் கோபித்துக்கொள்ளமாட்டான் என்று எங்கள் பெரியவரே சொல்லிவிட்டார்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை துண்டை நீட்டியபோது அண்ணன் வாங்கவில்லை.

"இன்னிக்கு வேணாம் ஜாபரு. அமாவாசை. எங்கப்பா தெவசம். இன்னிக்கும் வேஷம் போட்டா அவரு என்னைத் தேடி எங்க வருவாரு?"

"காத்து வாங்கிட்டு வந்து கும்பிடுங்கண்ணே" என்றேன்.

"நீ போ. அடுத்த வாரம் வாரேன்."

நான் மேலே போனேன். தொழுகை முடிவதற்குள் இங்கிலீஷ் போர்க்கப்பல் வந்துவிட்டது. பெயரைக் கேட்டு விளக்கடித்தான், இவர்கள் பொய்ப்பெயர் சொன்னார்கள், அவன் நம்பவில்லை. சுட ஆரம்பித்தான். கீழே எங்கள் ஆட்கள் இருப்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஜெர்மன்காரன் பூட்டைத் திறக்கவில்லை. நானும் இன்னொருவரும் மூடியைப் பிடித்து இழுத்தோம், அசையவில்லை. அடியிலிருந்து தட்டினார்கள். அதன்பின் குண்டு விழுந்து நான் கடலில் கிடந்தேன். கப்பல் பின்பக்கமாக மூழ்கியது. மூடி பூட்டியபடியே இருந்தது. கீழ்த்தளத்திலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. எங்களைத் தூக்கியெடுத்தது அந்த இங்கிலீஷ் கப்பல்தான்.

அண்ணனின் உடலைப் பார்த்தாயா என்று வக்கீல் ஐயா கேட்டார். பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்லமாட்டேன்.

இந்த அறையில் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணி அதுவரை ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கப்பலில் பார்த்தவர் வேறு யாரோ ஒருவராக இருக்கலாம் என்று போன மாதம் என்னிடம் சொன்னவர். இப்போது என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு அவரு சாப்பிட்டாரா தம்பி?"

"இல்ல அண்ணி. காலையில குடுத்த ரொட்டியத் தொடல. மத்தியானம் சோறு வந்ததும் ஒரு பிடி எடுத்து அப்பாவுக்கு வச்சுட்டுத்தான் சாப்பிடுவேன்னாரு. சோறு வரல."

வக்கீல் ஐயா பேனாவை மூடப் போனார். அப்போது அண்ணி சொன்னார்:

"அப்ப அது அவருதான். தெவசத்தன்னிக்கு அப்பாவுக்கு வைக்காம வாயில எதுவும் வைக்கமாட்டாரு. எழுதிக்கச் சொல்லுங்க. முப்பத்து நாலு வருஷமா வைகாசி அமாவாசைக்கு மாமனாருக்கு மட்டும் இலை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

அதன்பின் மனுவுக்கு ஆட்சேபம் இல்லை என்று தன் கையால் கையெழுத்துப் போட்டார்.

மேலே கண்டவை நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டுமே. கூட்டவில்லை, குறைக்கவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) முகம்மது ஜாபர்