முதல் ஆளாக எடுத்த கோல்காப்பாளர்

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகர் போகும் படகில், எனக்கு முன்னால் இருந்த கண்ணாடிக்கார அம்மா சொன்னார்: "கோல் காக்கிறவனை முதல் ஆளா எடுத்தது சுத்தப் பிழை."

பக்கத்துப் பெண் கேட்டார்: "ஆரக்கா எடுத்தது?"

"கனடாவில என்ர மகன் பைத்தியமா இருக்கிற ஐஸ் ஹொக்கி ரீம். வருசா வருசம் புதுப் பெடியளைத் தெரிவு செய்வினம். கோல் காக்கிறவன் தேற ஆறு வருசம் செல்லும். ரெண்டாவதா எடுத்த நெட்டையன்தான் திறம்."

"நீங்கள் அந்த விளையாட்டைக் கண்டனீங்களோ?"

"ஐஸையே மீன் பெட்டியிலதான் கண்டனான்."

"பிறகேன் அக்கா?"

"முந்தி மகன் போனில சொல்லுறதுக்கெல்லாம் ஓம் ஓம் எண்டனான். அஞ்சு நிமிசத்தில போனை வைச்சிடுவான். இப்ப பிழை எண்டு சொன்னா, ஒரு மணித்தியாலத்துக்கு வைக்கமாட்டான்."